வேலிக்கம்பத்தில் சிவப்புத் துணி

சந்தையில் அவளைக் கொடுக்கு என்றுதான் சொல்வார்கள். தேனீ வளர்ப்பதால் வந்த பெயர் என்று அவள் கணவன் வெளியாட்களிடம் சமாளிப்பான். பாவம், அவன் வேறு என்ன சொல்வான்! முலாம்பழத்தை நகத்தால் கீறிப் பார்த்த ஒருவரிடம், "உங்க கன்னத்த நானும் ஒரு கீறு கீறிப் பாக்கட்டுமா, பழுத்திருக்கான்னு?" என்று கேட்டவள் அவள். அந்த மனிதர் முறைத்துக்கொண்டு போனார். மறுவாரம் சத்தமில்லாமல் வந்து இரண்டு பழம் வாங்கிக்கொண்டு போனார். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று தோன்ற வைக்கிற பழம் அது.

கோடைதான் அவளுடைய காலம். வெயில் ஏற ஏற வெள்ளரியும் தர்பூசணியும் பூசணியும் தக்காளியுமாக அவள் கடை நிறையும். நிலம் பெரிதல்ல. அந்தச் சின்ன நிலத்திலும் ஓரமெல்லாம் சூரியகாந்தி, பறிக்காமல் பூக்கவிட்ட கொத்தமல்லி, நடுவே ஓர் அகலத் தட்டில் தண்ணீர். தேனீக்கள் மூழ்கிவிடாமல் உட்கார்ந்து குடிக்கத் தட்டில் கூழாங்கற்கள் வேறு. "பாதி நெலத்த பூச்சிக்கு எழுதி வெச்சிட்டா" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். உண்மைதான். கீற்றுக்கூரையின் கீழே வரிசையாக எட்டுத் தேனீப் பெட்டிகள் இருந்தன. அந்த நிலத்தில் அவற்றுக்குப் பிறகுதான் மனிதர்கள்.

பூசணிப் பூ விடியும்போது விரிந்து, வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்குத் தேனீ போய் வந்தால்தான் காய். இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அதனால் காலையில் பூசணிப் பாத்திக்குள் அவள் ஒருவரையும் விடமாட்டாள். ஒருநாள் கணவன் பல் துலக்கிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டு, "உள்ள வேல நடக்குது, கண்ணு தெரியல?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பூச்சிமருந்து அவள் நிலத்துக்குள் வந்ததே இல்லை. பக்கத்து நிலத்துக்கு வந்தது. பக்கத்து நிலம் அவள் தம்பியுடையது. வினை அங்கேதான் தொடங்கியது.

நான்கு வருடத்துக்கு முன்னால் நடுவில் வேலி கிடையாது. அப்பாவின் நிலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டபோதும், அக்காளும் தம்பியும் ஒரே வண்டியில்தான் சந்தைக்குக் காய் கொண்டுபோனார்கள். அந்தக் கோடையில் தம்பியின் தக்காளியில் புழு விழுந்தது. அவன் பதறிப்போய், பூவெல்லாம் விரிந்து கிடந்த காலை நேரத்திலேயே மருந்தை அடித்துவிட்டான். மத்தியானம் அவள் பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் குவிந்து கிடந்தன. துடைப்பத்தால் கூட்டி அள்ள வேண்டியிருந்தது. சில இன்னும் சாகாமல், முதுகு தரையில் பட, சுற்றிச் சுற்றி வந்தன.

அவளுக்குக் கண்மண் தெரியவில்லை. நேரே சந்தைக்குப் போனாள். தம்பி கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் வியாபாரிகள், வாங்க வந்தவர்கள், அவனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்த வீட்டார்கூட நின்றிருந்தார்கள். "கொலகாரா!" என்றாள். ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா அவள்? "அக்கா, தெரியாம..." என்று அவன் வாயைத் திறந்தபோதெல்லாம் அதே சொல்லை அவன் முகத்தில் எறிந்தாள். அவன் கூடைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனான். அந்தப் பெண் வீட்டார் பிறகு வரவில்லை. அடுத்த வாரம் நிலத்தின் குறுக்கே முள்கம்பி வேலி வந்தது.

பேச்சு நின்றுபோனது. புழு நிற்குமா? அடுத்த முறை மருந்து அடிக்கும்போது என்ன செய்வது என்று யோசித்து, கம்பெனிப் பேருந்து ஓட்டுகிற அவள் கணவன்தான் வழி கண்டுபிடித்தான். "நீங்க ரெண்டு பேரும் பேச வேணாம்பா. ஒரு துணி பேசட்டும்" என்றான். மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் மாலை தம்பி வேலியின் மூலைக்கம்பத்து ஆணியில் ஒரு சிவப்புத் துணியை மாட்டுவான். அவள் மறுநாள் விடிவதற்குள், தேனீக்கள் எல்லாம் உள்ளே இருக்கும்போதே, பெட்டிகளின் வாசலைக் கம்பிவலையால் அடைத்துவிடுவாள். அவன் காலையிலேயே அடித்து முடித்து, நெடி போனதும் துணியை எடுப்பான். அவள் வாசலைத் திறப்பாள். சிக்னல் போட்டுக் கொடுத்துவிட்டதாகக் கணவனுக்கு ஏகப் பெருமை. இரண்டு பேரும் ஒருநாள்கூடத் தவறியதில்லை. எனக்கென்னவோ, இவ்வளவு ஒழுங்காகப் பகை வளர்க்கிறவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கும்.

இந்த வருடம் துணி ஒருமுறைகூட ஏறவில்லை. மழைக்காலத்தில் தம்பிக்குக் கலியாணம் நடந்திருந்தது. கணவன் மட்டும் போய்வந்தான். அவள் புதுப்பெண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் தூரத்தில் பார்த்ததோடு சரி. ஒல்லியான பெண், எந்நேரமும் எதையாவது துவைத்துக்கொண்டே இருந்தாள். துணி ஏறாதது அக்காளுக்கு நிம்மதியாக இல்லை. 'எல்லாத்துக்கும் சேத்து வெச்சு ஒரே நாள்ல அடிப்பான்' என்று நினைத்துக்கொண்டாள்.

நினைத்தபடியே நடந்தது. பூசணி முழுக்கப் பூத்து நின்ற வாரம், ஒருநாள் மாலை, மூலைக்கம்பத்தில் சிவப்புத் துணி ஆடியது.

"நாளைக்குன்னு பாத்தா அடிக்கணும்? பெண்பூவு அத்தனையும் நாளைக்குத்தான் விரியும்" என்றாள் கணவனிடம்.

"போய் ஒரு வார்த்த கேளேன்."

"யாரு, நானா?"

"பின்ன, நம்ம வீட்டுப் பூனையா? உன் தம்பிதான."

"எனக்குத் தம்பியெல்லாம் கெடையாது."

"அப்ப எனக்கு மச்சானும் கெடையாது. சரி, நல்லதாப் போச்சு. செலவு மிச்சம்" என்று சொல்லிவிட்டு அவன் படுக்கப் போனான்.

மறுநாள் கணவன் பேருந்தை எடுக்கக் கிளம்பும்போதே அவளும் எழுந்தாள். கொட்டாமலிருக்க முகவலையும் முழுக்கைச் சட்டையும் மாட்டிக்கொண்டு, இருட்டு பிரிவதற்குள் எட்டு வாசலையும் அடைத்தாள். கடைசிப் பெட்டியை அடைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. அதுதான் இருப்பதிலேயே பலமான குடும்பம். அடை அடையாகத் தேன் வைத்து, ஆள் பெருத்திருந்ததால், மேலே இன்னொரு அடுக்கு ஏற்றியிருந்தாள்.

விடிந்தது. பூசணிப் பூக்கள் விரிந்தன. பாத்தி முழுக்க மஞ்சள், அதன் மேல் ஒரு தேனீ இல்லை. அவள் வேலி ஓரம் நின்று மருந்தடிக்கிற மோட்டாரின் சத்தத்துக்குக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. வழக்கமாக இந்நேரம் பாதி முடித்திருப்பான். எட்டிப் பார்த்தாள். கொட்டகைக்கு வெளியே மருந்து டிரம் மூடி திறந்து நின்றது. பக்கத்தில் குழாய் சுருள் பிரித்துப் போட்டிருந்தது. 'கலக்குறான். இப்ப ஆரம்பிச்சிடுவான்' என்று திரும்பி வந்தாள்.

ஆரம்பிக்கவில்லை. வெயில் கூரைக்கு மேல் வந்தது. பூக்கள் ஒவ்வொன்றாக வாய் மூடிக்கொண்டன. ஒருநாள் காய்ப்பு கண்ணெதிரே போனது. அதை அவள் மென்று விழுங்கினாள். காய் போனால் அடுத்த கொடியில் பார்த்துக்கொள்ளலாம். பெட்டிகளுக்குள் இருப்பவை?

பெட்டிகள் உறுமின. உள்ளே சூடு ஏறும்போது தேனீக்கள் வாசலுக்கு வந்து இறக்கையால் விசிறும், வெளியே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அடைமேல் தெளிக்கும். இன்று வெளியே போக வழியில்லை. விசிறுவதற்காக எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து, காற்று நுழைகிற வலையையே அடைத்துக்கொண்டு நின்றன. அவள் சாக்குகளை நனைத்துப் பெட்டிகளின் மேல் போட்டாள். சாக்கு காயக் காய மறுபடி நனைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தொட்டியில் இருந்த தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்தது. வீட்டுக்குள் ஓடிக் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து ஊற்றினாள்.

திறந்துவிடலாம். திறந்த மறுநிமிடம் அவன் மோட்டாரைப் போட்டால்? வெறிபிடித்துத் தண்ணீர் தேடி வெளியேறுகிற அத்தனையும் நேரே மருந்துக்குள் போய் விழும். துடைப்பத்தால் கூட்டி அள்ளிய அந்த மத்தியானம் அவள் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. துணி ஆடிக்கொண்டிருந்தது. டிரம் திறந்தே நின்றது.

கணவனுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது அவன் எடுக்கமாட்டான். தம்பியின் எண்ணைப் போனிலிருந்து அழித்து நான்கு வருடமாகிறது. விரல் மறக்கவில்லை. ஒவ்வோர் எண்ணாக அழுத்திக்கொண்டே வந்தாள். கடைசி எண்ணில் கட்டைவிரல் நின்றுவிட்டது. என்னவென்று பேச்சைத் தொடங்குவது? சந்தையில் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னவள், இப்போது, 'தம்பி, எப்போப்பா மருந்து அடிப்ப?' என்று குழைவதா? 'அவனுக்கே தெரியும்ல, மூடிட்டு உக்காந்திருப்பேன்னு. வேணும்னே இழுத்தடிக்கிறான்.' அப்படி நினைத்ததும் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. கோபம் வந்ததும் அவளுக்கு வசதியாகிவிட்டது. போனைத் தூக்கிக் கட்டில்மேல் போட்டாள். என்ன சொல்ல! அந்த ஒரு எண்ணை அழுத்தியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

திரும்பி வந்தபோது சத்தம் மாறியிருந்தது. ஏழு பெட்டிகள் முன்னைவிடப் பலமாக உறுமின. எட்டாவது உறுமவில்லை. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே என்னவோ ஊர்வது போல மெல்லிய சரசரப்பு. அடிப்பலகை இடுக்கில் பளபளவென்று ஏதோ இறங்கியது. விரலால் தொட்டாள். தேன். சூடாக இருந்தது.

அடை உருகிவிட்டது.

வாசலைச் சுற்றிப் போகக்கூட நேரமில்லாமல் முள்கம்பியை மிதித்து வளைத்து உள்ளே நுழைந்தாள். சட்டைக்கை கிழிந்தது, முழங்கை கீறியது. "டேய்! அடிக்கிறதா இருந்தா அடிச்சுத் தொலடா! இல்லன்னா துணிய எடு!" என்று கத்திக்கொண்டே தக்காளிப் பாத்தியில் ஓடினாள். நான்கு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் அவள் பேசிய முதல் வார்த்தைகள். கேட்கத்தான் அவன் அங்கே இல்லை.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து தம்பி மனைவி வந்தாள். கையில் தேய்க்கிற பிரஷ், முழங்கை வரை சோப்பு நுரை. முகவலையும் கிழிந்த சட்டையுமாக ஓடிவருகிறவளைப் பார்த்து அவள் பயந்து பின்வாங்கினாள்.

"எங்க அவன்? எப்ப மருந்து அடிக்கப் போறான்?"

"மருந்தா? அவரு ஊர்லயே இல்லயே அண்ணி. நேத்தே வெளியூர் போனாரு, சாயங்காலம்தான் வருவாரு."

"அப்ப அந்தத் துணி?"

"எந்தத் துணி... அந்தச் செவப்புத் துணியா? கொட்டகைய சுத்தம் பண்ணேன். டிரம்முக்கு அடியில ஒரே நாத்தமா கெடந்துச்சு. அலசி, அங்க ஒரு ஆணி இருந்துச்சேன்னு காயப் போட்டேன். ஏன் அண்ணி?"

"டிரம்மு ஏன் தொறந்து நிக்குது?"

"யாரோ வெலைக்குக் கேட்டாங்களாம். கழுவி வைக்கச் சொன்னாரு. இந்த வருஷம் அவரு மருந்தே அடிக்கலயே. போன வருஷமெல்லாம் நீங்க பெட்டிய மூடுன நாள்ல எங்க வெள்ளரியும் கோணக்கோணையா வந்துச்சாம். 'நம்ம பூவுக்கும் அதுங்கதான வருது'ன்னு நிறுத்திட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எப்படித் தெரியும்? யார் சொல்வார்கள்? தன் அக்காளோடு துணியை வைத்துப் பேசுகிறேன் என்று எந்த மாப்பிள்ளை புதுப்பெண்டாட்டியிடம் சொல்வான்? அவள் திரும்பி ஓடினாள். பின்னாலேயே அந்தப் பெண்ணும் ஓடிவந்தாள்.

வலைகளைப் பிடுங்கினாள். முதல் பெட்டியிலிருந்து தேனீக்கள் கொட்டியது போல வெளியே பாய்ந்தன. இரண்டாவது, மூன்றாவது. எங்கும் இரைச்சல். "தள்ளிப் போம்மா, கொட்டும்!" என்று கத்தினாள். தம்பி மனைவி போகவில்லை. தன் வீட்டுப் பக்கமிருந்து வாளியில் சோப்புக் கலக்காத தண்ணீரைக் கொண்டுவந்து சாக்குகளின் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கண்ணுக்குக் கீழே ஒன்று கொட்டியது. "ஸ்" என்றாளே தவிர வாளியைக் கீழே வைக்கவில்லை.

எட்டாவது பெட்டியின் வாசலிலிருந்து ஒன்றும் பாயவில்லை. மூடியைத் திறந்தாள். அடைகள் சட்டத்திலிருந்து கழன்று ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. தேனுக்குள் தேனீக்கள், அடிவரை. சில கால்களை மட்டும் அசைத்தன. கையால் அள்ளி அள்ளி வெளியே வைத்தாள். இறக்கை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. தண்ணீரில் கழுவிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். இருப்பதிலேயே பெரிய குடும்பம், அதனாலேயே இருப்பதிலேயே சூடான பெட்டி. காலையில் அடைக்கும்போது இவை அத்தனையும் நன்றாகத்தான் இருந்தன. எந்த மருந்தும் இவற்றின்மேல் படவில்லை.

"எங்கிட்ட யாருமே சொல்லலயே அண்ணி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ஆணிப் பக்கமே போயிருக்கமாட்டேன்" என்று தம்பி மனைவி அழுதாள். கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது.

"நீ ஏன் அழற? நீ துணி காயப்போட்ட. அவ்ளோதான்" என்றாள். "இங்க வா, கொடுக்கு உள்ளயே இருக்கு. நசுக்காத." நகத்தால் வழித்து அதை எடுத்துவிட்டாள். தம்பியின் மனைவியை அன்றுதான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தாள்.

அந்தப் பெண் போனில் புருஷனைக் கூப்பிட்டு, அழுகைக்கு நடுவே என்னவோ சொல்லி, போனை இவள் காதில் வைத்தாள். இவள் கையெல்லாம் தேன். பிடித்துக்கொள்ள முடியவில்லை, தள்ளிவிடவும் முடியவில்லை.

"அக்கா" என்றான் தம்பி.

அவள் போனோடு காதைச் சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, எத்தன பெட்டி?"

"ஒண்ணு" என்றாள். "பெரிய பெட்டி. நானே கொன்னுட்டேன்டா."

அந்தப் பக்கம் பேருந்து ஒன்றின் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு, "நீ தனியா பெட்டியப் பிரிக்காத. வரேன்" என்றான்.

வெயில் தாழ்ந்ததும் வந்தான். முன்வாசல் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். அவள் கணவன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, விஷயம் தெரிந்து, வாழ்க்கையில் முதல்தடவையாகக் கேலி பேசத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தான். தம்பி நேரே எட்டாவது பெட்டிக்குப் போனான். அதன் முன்னால் அவள் கூட்டி வைத்திருந்த குவியல் கிடந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் கிடந்ததைவிடப் பெரியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவள் காத்திருந்தாள். அந்தச் சொல் அவன் வாயில்தான் இருக்க வேண்டும். சந்தையில் அத்தனை பேர் முன்னால் அவள் கொடுத்தது, இன்று திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். சொல்லட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று தலைகுனிந்து நின்றாள்.

"கத்தி இருக்காக்கா? அகலமானது" என்றான் தம்பி. "உருகுனத வழிச்சு எடுத்தாதான் சட்டத்த மறுபடி கட்ட முடியும்."

கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, உடைந்த அடைகளை ஒவ்வொன்றாக வழித்து எடுத்தான். தேனில் ஒட்டியிருந்த தேனீக்களில் அசைகிறவற்றைப் பார்த்துப் பார்த்து ஒரு பலகையில் தனியாக வைத்தான். அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் சொல்லவே இல்லை. அவள் முகவலையைக் கழற்றாமல், அதற்குள்ளேயே அழுதாள்.